இம்மியும் அசையாத சீட்

"இன்னும் ஆடுது. கழட்டி மறுபடி மாட்டுங்க."

அவனுடைய பொறுமை எல்லை மீறியது. கார் பின்சீட்டில் குழந்தை சீட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டு, பெல்ட்டை மூச்சுப்பிடித்து இழுத்தான்.

"இப்பவாவது போதுமா?"

அவள் குனிந்து, பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு அங்குலத்துக்கு மேல நகருது. சாய்வும் சரியில்ல, தூங்கினா தலை தொங்கிடும்."

"பேசாம முன்பக்கம் பார்த்து வச்சிடலாம். வேடிக்கையாவது பார்ப்பா."

"சடன் பிரேக் போட்டா பத்து மாசக் கழுத்து தாங்குமா? பின்பக்கம் பார்த்துதான் இருக்கணும்."

"என் உயிரை வாங்கறதுல உனக்கு அப்படி என்ன சந்தோஷமோ" என்று முணுமுணுத்தபடி அவன் மறுபடி கழற்றி மாட்டினான்.

இந்த முறை சீட் இம்மியும் அசையவில்லை. அவள் இரண்டு கையாலும் உலுக்கிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குழந்தையை உட்காரவைத்து, வாரை மாட்டி, தோளருகே அது தளர்வாக இருக்கிறதா என்று வாரைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒரு பையை அவனிடம் நீட்டினாள்.

"துணி, பால் பவுடர் எல்லாம் இதுல இருக்கு. கோர்ட்டுல சொன்னபடி நாளைக்குச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுங்க."

அவளை விட்டுக் குழந்தை தங்கப்போகும் முதல் ராத்திரி அது. அவனுடைய எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"வேணும்னா வீடு வரைக்கும் நீயும் வாயேன்" என்றான்.

"வேண்டாம். வந்தா, விட்டுட்டுத் திரும்ப மனசு வராது. மெதுவா ஓட்டுங்க."

தெருமுனை வரைக்கும் அவன் முதல் கியரிலேயே போனான்.