முப்போக நஞ்சையில் ஆமணக்கு

பேரரசர் படுத்த படுக்கையானதும் சிற்றரசர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். வல்லங்கோட்டை அரசன், மைத்துனன் என்றும் பாராமல் மருதங்கோட்டை அரசனைக் கொன்றான். தோற்றவன் மண்ணைக் கழுதை பூட்டி உழுது, அவமானப்படுத்த ஆமணக்கு விதைப்பது அன்றைய வழக்கம்.

ஏர் இழுத்த இரண்டு கழுதைகளில் ஒன்று மண்ணை முகர்ந்து பார்த்தது.

"அண்ணே, இது முப்போகம் விளையற நஞ்சையாச்சே! இதிலயா ஆமணக்கு?"

"ஆமா. அந்த இலையை நாமகூடத் தின்னமாட்டோம்."

"மகாராசாவுக்கு இந்த மண்மேல அப்படி என்ன ஆத்திரம்?"

"ஆத்திரமா? அவர் ஊர்ல மூணு வருஷமாப் பஞ்சம். இந்த நெல்வயலுக்காகத்தானே எண்ணூறு பேரைச் சாகக் கொடுத்தார்!"

கேட்ட கழுதை திகைத்து நின்றுவிட்டது.

யானைமேல் இருந்த வல்லங்கோட்டை அரசன் மீசையை முறுக்கிக்கொண்டு கத்தினான்: "இன்னும் ஆழமா உழுங்கடா!"