உமா அடுப்படியில் ஒரு கோடீஸ்வரர்

"போச்சுங்க. காலையில கூட நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் வந்த உமாராணி, கயிற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

தங்கதுரை பார்த்துக்கொண்டிருந்த போனைச் சட்டென்று மேசையில் கவிழ்த்து வைத்தார். "யாருக்கு என்னளா ஆச்சு? ஒங்க அம்மாவுக்கா?"

"அம்மா நல்லா இருக்கா. என் சேனல் போச்சு."

அவருக்கு மூச்சு வந்தது. "சேனலா? இதுக்கா புதுக்கோட்டை வீட்டுலேருந்து பஸ் ஏறி வந்த?"

படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிற கடை அவருடையது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. உமாராணி வீட்டில் சமைப்பதை வீடியோ எடுத்துப் போட்டு, மூன்று வருஷத்தில் 'உமா அடுப்படி' சேனலுக்கு ஐம்பதாயிரம் பேரைச் சேர்த்திருந்தாள்.

கடைக்கு வருகிறவர்கள் அவள் வைத்த குழம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதையெல்லாம் பாக்க நமக்கு எங்க நேரம் அண்ணாச்சி?" என்று தங்கதுரை கயிற்றை அளக்கத் திரும்பிவிடுவார். வீட்டிலும் அதே பதில்தான். ஊரெல்லாம் பார்க்கிறதைக் கட்டின புருஷன் பார்க்கவில்லையே என்று அவளுக்கு மனசுக்குள் ஒரு குறை உண்டு. சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது சொல்வதையும் விட்டுவிட்டாள்.

பக்கத்து செல்போன் கடை ஷாம் அழுகைச் சத்தம் கேட்டு வந்தான். அவள் போனை வாங்கித் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, மெயில்ல எதையும் தொறந்தியளா?"

"ஒரு மசாலாக் கம்பெனி விளம்பரம் தாரோம்னு அனுப்பியிருந்தாங்க. அதைத் தொறந்தேன். அதுக்கப்புறம் என் சேனலுக்குள்ள என்னாலயே போக முடியல."

"அது மசாலாக் கம்பெனி இல்ல, திருடன். சேனலையே தூக்கிட்டான். பேரு, படம் எல்லாத்தையும் மாத்திட்டான். பழைய வீடியோ எல்லாத்தையும் மறைச்சிட்டான்."

"அந்த ஊளி மீன் குழம்புமா?" என்றார் தங்கதுரை.

"ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி."

உமாராணி மறுபடியும் அழ ஆரம்பித்தாள். ஷாம் போனை இருவருக்கும் தெரியும்படி திருப்பிப் பிடித்தான். அவள் சேனலில் ஒரு நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கோட்டு போட்ட வெளிநாட்டுக் கோடீஸ்வரர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் பேசினார். பக்கத்தில் ஸ்கேன் பண்ணுவதற்கு ஒரு கட்டம்.

"இந்த மூஞ்சியே கம்ப்யூட்டர்ல செஞ்சது" என்றான் ஷாம். "பேச்சும் அப்படித்தான். கிரிப்டோ காயின் ஒண்ணு அனுப்புனா ரெண்டாத் திருப்பித் தாரேன்னு சொல்லுதான். இன்னைக்கு மட்டும்தானாம்."

உமாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தாள். "பன்னெண்டாயிரம் பேரு பாக்காங்க. நான் லைவ் போட்டா நூறு பேரு வரமாட்டாங்க."

"அதுல பாதி பொய்க் கணக்கா இருக்கும். மீதி ஒங்க ஆளுங்க. பேரை மாத்தினாலும் ஆளு பழைய ஆளுதானே? லைவ் வந்த ஒடனே, பெல் பட்டனை அமுக்கி வச்சவங்க போனுக்குத்தான் தகவல் போகும். அதுக்குத்தான் நாலு பேரு பாக்குற சேனலாத் தேடித் திருடுதாங்க." ஷாம் சிரித்தான். "ஆனா ஒண்ணு அனுப்புனா ரெண்டு தாரேன்னு சொன்னா, எந்தக் கூமுட்டை அனுப்பும்க்கா?"

தங்கதுரை சிரிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அனுப்பினா திரும்ப வராதோ?" என்றார் மெதுவாக.

"கடல்ல விழுந்த மோதிரத்தைக்கூட மீன் வயித்துல தேடலாம் அண்ணாச்சி. இது போனது போனதுதான்."

தங்கதுரை ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். போனை நிமிர்த்தி, அவர்கள் பக்கம் தள்ளினார். அதிலும் அதே கோட்டு, அதே சிரிப்பு.

"கடைக்கு ஒரு குட்டியானை வண்டி எடுக்கணும்னு கொஞ்சம் கொஞ்சமா வாங்கி வச்ச காயின்" என்றார். "மொத்தத்தையும் அனுப்பிட்டேன். இப்ப வரும், இப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

போனில் கோடீஸ்வரர், யோசிக்காதீர்கள், நேரம் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஷாம் சத்தத்தைக் குறைத்தான்.

"சைபர் கிரைமுக்கு ஒடனே சொல்லிருவோம் அண்ணாச்சி. அக்கா சேனலையும் சேத்து எழுதிக் குடுப்போம்" என்றவன், கொஞ்சம் தயங்கினான். "நீங்க வியாபாரி. நாலு இடத்துல விலை கேட்டுத்தான் ஒரு டின் பெயிண்டே வாங்குவிய. இதை எங்க போய்த் தேடிப் பிடிச்சிய?"

"நான் எங்கலே தேடுனேன்?" தங்கதுரைக்குக் கோபமும் அவமானமும் ஒன்றாக வந்தன. "செவனேன்னு வியாபாரம் பாத்துக்கிட்டு இருந்தேன். போன் அதுவாத்தான் சத்தம் குடுத்துச்சு. எடுத்துப் பாத்தா இந்த ஆளு பேசிக்கிட்டு இருக்கான்."

திட்டு விழும், வண்டி போன கதையை இனி வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உமாராணியின் அழுகை நின்றிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அவரை இதற்கு முன் பார்த்தே இராதவள் மாதிரி பார்த்தாள்.

"ஏங்க, என் சேனலுக்குப் பெல் பட்டனை அமுக்கியா வச்சிருக்கிய?"