கிளியின் கழுத்து வளையம்

கண்காட்சிக் கடையில் மரப்பறவைகள் வரிசையாக நின்றன. ஒரு டீச்சரம்மா, எடுத்த மீன்கொத்தியைக் கீழே வைக்க மனசில்லாமல் நின்றார்.

"செதுக்கினது நீங்களா?"

"ஆமாங்க," என்றார் சிற்பி.

"இந்தக் கலரெல்லாம்?"

"அதுவும் என் கைதாங்க."

"அப்போ இவங்க?"

"என் வீட்டுக்காரி. பிரஷ் கழுவிக் கொடுப்பா."

பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனைவி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

டீச்சரம்மா மீன்கொத்தியை வைத்துவிட்டு ஒரு கிளியை எடுத்தார். "இந்தக் கிளிக்குக் கழுத்துல சிவப்பு வளையம் இல்லையே? இப்பவே போட்டுக் கொடுங்களேன், நீங்க போடறதைப் பார்க்க ஆசையா இருக்கு."

சிற்பி பிரஷ்ஷை எடுத்தார். டப்பாக்களுக்கு மேலே போன கை அப்படியே நின்றது.

"காலையிலிருந்து செதுக்கி அவருக்குக் கை வலிக்குதும்மா," என்று மனைவி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். "அவர் சொல்லச் சொல்ல நான் போடறேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரே இழுப்பில் போட்டு முடித்தாள்.

"அடேயப்பா! வீட்டம்மாவை நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க," என்று அவரைப் பாராட்டிவிட்டு டீச்சரம்மா கிளியோடு கிளம்பினார்.

மனைவி திட்டுவாள் என்று சிற்பி காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"உண்மையைப் போட்டு உடைச்சிருக்கலாமே?" என்றார் தலை நிமிராமல்.

"சிவப்பும் பச்சையும் உங்க கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும்னு, கல்யாணமான புதுசுல என்னை நம்பிச் சொன்னீங்க. அதைப் போய் நான் ஊராருக்குச் சொல்லுவேனா?"