தாமரை அனுப்பிய படப் புத்தகம்

"பாப்பாவுக்கு ஒரு படப் புத்தகம் அனுப்பியிருக்கேன். என் முடிவு அதுலயே இருக்கு," என்று போன வாரம் தாமரை ஒசாகாவிலிருந்து போனில் கணவன் கமலநாதனிடம் சொல்லியிருந்தாள்.

"வாயாலேயே சொல்லேன்."

"மாட்டேன் லா. அழுதுடுவேன்."

அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

பார்சல் மலேசியாவில் செமினி ஊரிலிருந்த வீட்டுக்கு வந்ததும் கமலநாதன் மகளை மடியில் வைத்துப் புத்தகத்தைத் திறந்தான். ஜப்பானிய எழுத்து புரியவில்லை, படங்கள் புரிந்தன. அம்மா மகளுக்குச் சோறு ஊட்டுகிறாள். வாசலில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டுகிறாள். கடைசியில் ரயிலேறிக் கையசைக்கிறாள்.

"அம்மா வரமாட்டாங்களாப்பா?" மகளின் உதடு பிதுங்கியது. அவனுக்கும்தான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஃபஹீமா அக்கா சுடச்சுடக் கறிபாப் பலகாரத்தோடு வந்தார். பிள்ளைகளுக்கு, அரபு போல வலமிருந்து இடமாக எழுதும் ஜாவி எழுத்து சொல்லிக்கொடுப்பவர். புத்தகத்தை வாங்கி, கைப்பழக்கத்தில் வலப்பக்கமாகத் திறந்தார்.

"அட, பக்கம் ஒன்னு இங்கதானே இருக்கு! பின்னாலேர்ந்து படிச்சிருக்கீங்க தம்பி. இந்த அம்மா முதல்லயே ரயிலேறிப் போயிட்டா. அப்புறம் வீட்டுக்கு வந்து வாசல்ல சப்பாத்தைக் கழட்டுறா. இதோ, பிள்ளைக்குச் சோறு ஊட்டுறா!"

மகள் சோபாவில் ஏறிக் குதித்தாள். கமலநாதனும் குதித்தான். குதித்தபடியே தாமரைக்குப் போன் போட்டான்.

அவளுக்குக் கிடைத்த நல்ல வேலையைக் கெடுக்கக் கூடாதென்று இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்தது, "ஹலோ" கேட்டதுமே வெளியே வந்துவிட்டது.

"வந்துடு தாமரை. நீ இல்லாம என்னால முடியல லா!"