பொம்மை எப்ப வரும்?

“உக்காருங்க எல்லாரும்! பேச்சை நிப்பாட்டுங்க. ஏலே மூக்கையா, உனக்குத் தனியாச் சொல்லணுமா?”

டாக்டர் ஞானதாஸ் போட்ட சத்தத்துல, வெளிய வராந்தாவுல இருமிக்கிட்டிருந்தவங்ககூட இருமலை நிப்பாட்டிட்டாங்க.

பேகம்பூர் பக்கம் அவரோட பிள்ளைக ஆஸ்பத்திரி. தொண்ணூத்தெட்டுல நடந்த கூத்து இது. மூச்சு நின்னு போற பிள்ளைகளை எப்படிக் காப்பாத்துறதுனு, மதுரையில இருந்து அறிவுச்செல்வினு ஒரு டாக்டரம்மா வந்து, ரப்பர் பொம்மையை வச்சுப் பயிற்சி குடுத்தாங்க. போகையில ஒரு குண்டையும் போட்டுட்டுப் போனாங்க.

“இந்த வாரத்துல ஒரு நாள் பரீட்சை. யாராவது ‘பிள்ளைக்கு மூச்சு வரலை’னு ஓடி வருவாங்க. என்னைக்கு, யாருனு சொல்ல மாட்டேன்.”

சுவத்துல சாத்தி வச்சிருந்த புது போர்டைக் காட்டுனாரு ஞானதாஸ். ‘குழந்தைகள் அவசர சிகிச்சை, 24 மணி நேரமும்’. பெயிண்டுகூட இன்னும் காயலை.

“தேறுனா இதை மாட்டலாம். தேறலைன்னா மாட்டுக்கொட்டாய்க்குக் கதவாக்கிரலாம். உங்க கையிலதான் இருக்கு.”

அன்னையில இருந்து மனுசனுக்குத் தூக்கம் போச்சு. வீட்டுல தலகாணியைக் கவுத்துப் போட்டு முதுகுல தட்டிக்கிட்டே கிடந்தாரு. இங்க நர்சு ஆனந்தமேரி, பால்காரன் மணியடிச்சாலும் கையுறையை மாட்டிக்கிட்டு வாசலுக்கு ஓடுச்சு.

வியாழக்கிழமை காலையில வந்துருச்சு.

ஒரு பொம்பளை. முக்காடு சரிஞ்சு கிடக்கு. தவழுற பிள்ளை ஒண்ணை ஏந்திக்கிட்டு வாசல்ல நின்னுச்சு. வாயைத் தெறந்துச்சு, சத்தம் வரலை. பிள்ளையைத் தூக்கிக் காட்டுச்சு, அம்புட்டுதான்.

“வந்துருச்சு! வந்துருச்சு!”ன்னான் வார்டு ஆளு மூக்கையா, மாப்பிள்ளை காரைப் பாத்த பொண்ணு வீட்டுக்காரன் கணக்கா.

ஞானதாஸ் பாஞ்சு வந்து பிள்ளையைப் பிடுங்கி, முன்னங்கையில குப்புறப் போட்டு, தலை கீழ பாக்க, முதுகுல தட்டுனாரு.

“மேரி, ஆக்சிஜன்!”

“ஆக்சிஜன் ரெடி சார்!”

“மூக்கையா, கூட்டத்தை விலக்கு!”

“விலக்கிட்டேன் சார்!” கூட்டமே இல்லை. ஆனாலும் விலக்குனான்.

“சார், மதுரைக்காரங்க லேசுப்பட்டவங்க இல்லை. பொம்மைக்குப் பதிலா நெசப் பிள்ளையவே அனுப்பிட்டாங்க”ன்னுச்சு ஆனந்தமேரி. “உதட்டுக்கு நீலப் பெயிண்டு வேற! துடைச்சாலும் போகலை சார்.”

“நல்ல பெயிண்டு மேரி. பேசாத, மார்க்கு போயிரும்!”

மல்லாத்தி நெஞ்சுல அமுக்குனாரு. மறுபடி கவுத்து ஓங்கித் தட்டுனாரு. ட்ரேயில ‘டங்’னு ஒரு புளியங்கொட்டை விழுந்துச்சு. பிள்ளை வீல்னு கத்துச்சு.

ஆஸ்பத்திரியே கை தட்டுச்சு.

மூக்கையா மட்டும் மூஞ்சியைச் சுளிச்சான். “எல்லாம் சரி சார். அம்மா வேசம்தான் சொதப்பல். ஒரு அழுகை உண்டா, ஒரு கூப்பாடு உண்டா? நானா இருந்தா...” சொல்லிட்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு, “எஞ்சாமீ, என்னைய விட்டுட்டுப் போயிராதடா”னு தரையில உருண்டே காமிச்சான்.

அந்தப் பொம்பளை பிள்ளையை வாங்கி இறுக்கிக்கிட்டு, பெஞ்சுல பொத்துனு உக்காந்துச்சு.

ஞானதாஸ் குழைஞ்சுக்கிட்டே போய்க் கேட்டாரு. “மேடம், மார்க்கு எம்புட்டு போடுவீங்க?”

அந்தப் பொம்பளை பிள்ளையோட முதுகைத் தடவிக்கிட்டே இருந்துச்சு.

“சொல்ல மாட்டாங்க சார், ரகசியம்”னு ஆனந்தமேரி கண்ணடிச்சுச்சு.

டாக்டருக்கு மனசு நெறஞ்சு போச்சு. எல்லாருக்கும் வடை வந்துச்சு, டீ வந்துச்சு. போர்டை மாட்ட ஸ்டூலும் வந்துச்சு.

அந்த நேரம் பாத்து, துண்டுல சுத்துன பிள்ளையோட ஒரு ஆளு தலைதெறிக்க ஓடி வந்தான்.

“அம்மா, பிள்ளைக்கு மூச்சு வரலைம்மா!”

“கத்தாதய்யா”ன்னுச்சு ஆனந்தமேரி, வாயில வடையோட. “சீட்டுப் போட்டியா?”

“மூச்சு வரலைங்கிறேன்!”

“எல்லாருக்கும் அப்படித்தான்யா. டாக்டர் டீ குடிக்கிறாரு. உக்காரு.”

“ஏய், செருப்பு! இப்பத்தான் தொடச்சேன். வெளிய விட்டுட்டு வா”ன்னான் மூக்கையா.

அந்த ஆளு வெளிய போய்ச் செருப்பை விட்டான். திரும்பி வந்து சீட்டுப் போட்டான். சில்லறை இல்லைனு மறுபடி வெளிய போனான்.

அவன் திரும்பி வரையில, பின்னாடியே உள்ள வந்தாங்க அறிவுச்செல்வி டாக்டரம்மா. துண்டை விரிச்சாங்க. ரப்பர் பொம்மை வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடந்துச்சு.

“பரீட்சை முடிஞ்சுச்சு டாக்டர். உங்க பிள்ளை செத்துப் போச்சு.”

ஞானதாஸ் டீ கிளாஸைக் கீழ வச்சாரு. “மேடம்... அப்ப கொஞ்சம் முன்னாடி நீங்க அனுப்பி வச்சது?”

“நான் யாரையும் அனுப்பலையே.”

ஸ்டூல் மேல நின்ன மூக்கையா போர்டோட கீழ இறங்குனான். டாக்டர் தலையில கையை வச்சுக்கிட்டாரு.

“ஐயையோ, ஏமாந்துட்டோமே மேடம்! பரீட்சைதான் முடிஞ்சு போச்சேனு, இதை நெசக் கேசுன்னுல்ல நெனச்சுட்டோம்!”

அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாத அந்தப் பொம்பளை எந்திரிச்சுச்சு. முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு, பிள்ளையைத் தோள்ல சாச்சுக்கிட்டு, மெதுவாச் சொல்லுச்சு.

“அல்லா பெரியவன் டாக்டரய்யா. நல்ல வேளை, எம்பிள்ளைய நீங்க நெசம்னு நெனைக்கலை.”