நிறைந்தால் நின்றுவிடும்

மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வனஜா டீச்சர் வீடு திரும்பும்போதெல்லாம் ஃப்ரீசருக்குள் தானாக ஐஸ் போடும் மெஷினிலிருந்து கட்டிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையும் ஈரமாகக் கிடந்தது. ஒழுகுகிறது என்று நினைத்துத்தான் மெக்கானிக் சேவியரை வரச் சொன்னாள்.

அவன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தான். குழாயும் வால்வும் உலர்ந்திருந்தன. ஐஸ் தட்டின் மேலிருந்த கம்பியைத் தூக்கிக் காட்டினான்.

"தட்டு நிறைஞ்சா இந்தக் கம்பி மேல ஏறி மெஷினை நிறுத்திடும். ஐஸ் குறைஞ்சாத்தான் திரும்பப் போடும். மெஷின்ல கோளாறு இல்லக்கா. யாரோ எடுக்கிறாங்க."

"நான் ஒருத்திதானே இருக்கேன். எனக்கு சைனஸ், ஐஸைத் தொடவே மாட்டேன்."

அவன் புறங்கையில் ஒரு சொட்டு சில்லென்று விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலே பரண், பூப்போட்ட திரையோடு. பெரிய பாத்திரங்களும் பழைய மெத்தையும் கிடக்கும் அந்தப் பரணை அவள் போகிக்குத்தான் திறப்பாள். இப்போது சித்திரை வெயில்.

"ஒரு பார்ட்டு வண்டியில இருக்கு" என்றான் சேவியர், தேவைக்கு அதிகமான சத்தத்தில். "நீங்களும் வந்து பாத்துடுங்கக்கா."

ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுக்காமல் எழுந்தான். அவள் அவனுடைய ஈரக் கையைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே அடுத்த சொட்டு விழுந்தது.

"பரண்லயா?" என்று கேட்டுவிட்டாள்.

சொட்டுவது நின்றது.