அரக்கியின் ஓட்டம்

அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"துப்பட்டாவும் வேணாம்மா" என்றார் இயக்குநர் இன்பசேகர். "மறைக்குது. அசைவு தெரியாது."

மதியம் மூன்று மணி. ஸ்டூடியோவின் நடைவழி. தண்ணீர் கேன்மேல் சாய்த்து வைத்த கைபேசி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளோடு வேலை செய்யும் பதின்மூன்று அனிமேட்டர்கள். எல்லோரும் ஆண்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை.

தூக்காமல் இருந்ததுதான் அதிகம் உறுத்தியது.

படம் பெரியவர்களுக்கு மட்டுமானது. ராஜா ராணிக் கதைகளைக் கேலி செய்யும் கார்ட்டூன். அதில் இளவரசன் குசு விட்டே டிராகனின் நெருப்பை அணைப்பான். முனிவரின் தாடிக்குள் காக்கை முட்டையிடும்.

கொச்சை அவளுக்கு ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. டிராகன் இளவரசனை விழுங்கி, ஏப்பம் விட்டு, கோவணத்தை மட்டும் துப்பும் காட்சி அவள் யோசனை. அன்று ஸ்டூடியோவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்த டிராகனுக்காக இதே நடைவழியில் அவள் நான்கு காலில் தவழ்ந்திருக்கிறாள். கேமரா முன் ஏப்பம் விட்டிருக்கிறாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தானே நடித்து, வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைவது.

அதனால்தான் இன்று வாய் வரவில்லை.

என்ன சொல்லி மறுப்பது?

காட்சி ஐந்தே வினாடி. பருத்த அரக்கி ஒருத்தி கோட்டைப் படிகளில் இளவரசனைத் துரத்திக்கொண்டு இறங்குகிறாள். நான்கு முறை வரைந்து கொடுத்தாள். நான்கு முறையும் திரும்பி வந்தது.

உடம்பு குலுங்குவது போதாதாம்.

ஐந்தாவது முறை வரையச் சொல்லாமல் இன்பசேகர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கெட்ட பார்வை என்றுகூடச் சொல்ல முடியாது. தையல்காரர் துணியைப் பார்ப்பது போல.

"நீயே ஓடிக் காட்டிடேன்மா. உனக்குன்னா கரெக்டா வரும்."

ஓடினாள்.

"இன்னொரு தடவ. கொஞ்சம் குதிச்சு."

ஓடினாள்.

மூன்றாவது முறை அவர் சொல்வதற்கு முன்பே ஓடினாள். எதிர்ச்சுவர் வரை போய், உள்ளங்கையால் ஓங்கி அறைந்து நின்றாள்.

"சூப்பர்" என்றார்.

இருக்கைக்கு வந்து வீடியோவை மெதுவாக ஓடவிட்டாள். தோள். மார்பு. வயிறு. தொடை. எது முதலில் எழுகிறது, எது பிந்தி விழுகிறது என்று எண்ணிக் குறித்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அவர் கேட்டதெல்லாம் வந்துகொண்டிருந்தது.

முகத்துக்கு வந்ததும் கை நின்றது.

பற்களைக் கடித்திருந்தாள். மூக்கு விடைத்திருந்தது. கண் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தது. தனக்கு இப்படி ஒரு முகம் இருப்பது அவளுக்கே தெரியாது.

அதை அப்படியே அரக்கிக்கு வரைந்தாள்.

மறுநாள் காலை எல்லோரும் திரை முன் கூடினார்கள். அரக்கி ஓடி வந்தாள். குலுங்க வேண்டியதெல்லாம் குலுங்கியது.

யாரும் சிரிக்கவில்லை.

இன்பசேகர் மறுபடி ஓடவிட்டார். மறுபடியும். பின்வரிசையில் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"எல்லாம் கரெக்டாதான் இருக்கு. ஏன் சிரிப்பு வரல?"

நான்காவது தடவையில் அவருக்குப் பிடிபட்டது.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"மூஞ்சியைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லல, சார்."

"மாத்திடு."

"மாட்டேன்."



அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சாதிக், நீ முடிச்சிடு" என்றார்.

சாதிக் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வீட்டில் நாற்பது நாள் குழந்தை. அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் அவனிடமும் கோபப்பட முடியவில்லை. யாரிடம்தான் கோபப்படுவது என்று தெரியாமல், ஓடாத பேனாவைக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்துத் திரையில் அவன் அந்த முகத்தை அழிப்பதைக் கேட்டாள். பார்க்கவில்லை. விசைப்பலகைச் சத்தம் மட்டும்.

சாயங்காலம் மறுபடி கூடினார்கள்.

அரக்கி ஓடி வந்தாள். இரண்டு படி இறங்கியதும் அவள் நாக்கு நழுவி வெளியே விழுந்தது. மூன்றாவது படியில் அது எகிறி அவள் கண்ணிலேயே பளாரென்று அடித்தது. கண்கள் இரண்டும் மூக்கை நோக்கித் திரும்பின. அரை வினாடி அப்படியே நின்றன. சரியாக அரை வினாடி. அதன் பிறகுதான் உடம்பு குலுங்கியது.

அறையே சிரிப்பில் வெடித்தது. இன்பசேகர் தொடையில் அடித்துக்கொண்டார். யாரோ ஒருவன் விசிலடித்தான்.

பொருத்தமான இடத்தில் வைத்த இடைவெளி. அவளாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பாள்.

சிரிக்க வேண்டாம் என்று உதட்டைக் கடித்தாள்.

வந்துவிட்டது.

சத்தமாகவே வந்துவிட்டது.

சாதிக் மட்டும் சிரிக்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ விளக்கைப் போட்டார்கள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

அதைத் துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள்.